கறுப்புக் கொட்டை எழுத்து

ஜூன் 3, திங்கள்

காலை 11.20க்கு உறுதியானது: தங்கபுஷ்பத்தின் 1984ஆம் ஆண்டுச் சான்றிதழ் போலி அல்ல. அதன் தலைப்பு ஈய எழுத்தில் கோத்து அச்சடித்தது. கணினியில் எடுத்தது அல்ல. தொலைபேசியில் சொன்னவர் அவருடைய வழக்கறிஞர் சுகிர்தா. ஆதாரம், தொழிலாளர் நீதிமன்றம் கேட்டு வாங்கிய ஆவண நிபுணரின் அறிக்கை, ஏழாம் பத்தி. பிற்பகலில் நகல் கைக்கு வந்தது. இரண்டு முறை படித்தேன்.

பின்னணியைக் குறித்து வைக்கிறேன். தங்கபுஷ்பம் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவருடைய மருத்துவச்சிப் பயிற்சிச் சான்றிதழ் போலி என்று எங்கள் பத்திரிகையின் நெல்லைப் பதிப்பில் 2018 ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்தது. எழுதியவன் நான். பத்து நாளில் அவரை நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். ஆறு வருடமாக நடக்கிறது.

சான்றிதழ் கொடுத்த மிஷன் பயிற்சிப் பள்ளி மூடிப் பல வருடமாகிறது. பதிவேடுகள் 92 வெள்ளத்தில் போய்விட்டன. கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லை. அதனால் என் செய்தி முழுவதும் ஒரே ஒரு ஆதாரத்தின் மேல் நின்றது: தலைப்பு எழுத்தின் வடிவம்.

செய்தியின் முடிவு தவறு என்று நான் ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுக்க முடியுமா என்று சுகிர்தா கேட்டார். அடுத்த வாய்தா ஜூன் 24. கொடுக்கிறேன் என்றேன். தங்கபுஷ்பத்தை நான் நேரில் சந்தித்துப் பேசியதில்லை என்பதையும் சொன்னேன்.

வீட்டில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

வாக்கு எண்ணிக்கை. வேறு எதற்கும் நேரமில்லை. நேரமில்லாதது நல்லதாக இருந்தது.

ஜூன் 5, புதன்

நூலகப் பிரிவில் பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். தலைப்பு: ‘எழுத்தே காட்டிக் கொடுத்தது.’ நான் வைத்த தலைப்புதான். அன்று அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

செய்திக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் எழுதியிருக்கிறேன், அந்த எழுத்தைப் பற்றி. அச்சகக்காரர்கள் அதை ஓல்டு இங்கிலீஷ் என்பார்கள். அறுநூறு எழுநூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் துறவிகள் அகன்ற முனைப் பேனாவால் வேதப் புத்தகங்களைப் படியெடுத்த கையெழுத்து அது. அதில் வளைவு கிடையாது. வளைய வேண்டிய இடத்தில் கோடு ஒடிந்து திரும்பும். தடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே முடி போன்ற மெல்லிய கோடு. ஒவ்வொரு கோட்டின் தலையிலும் காலிலும் ஒரு சாய்சதுரம். தாளில் வெள்ளையைவிடக் கறுப்பே அதிகம் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சொல் கம்பி வேலி மாதிரி இருக்கும். தடித்த வகை இன்னும் நெருக்கம். பெரிய அளவில், தலைப்புக்கு மட்டும்தான் ஆகும். சான்றிதழ், கல்லறைக் கல், சில ஆங்கிலப் பத்திரிகைகளின் முகப்பு, பீர் பாட்டில், புல்லட்டின் பெட்ரோல் டாங்க், பையன்களின் பனியன், கையில் குத்தும் பச்சை. இவ்வளவையும் ஒரே பிற்பகலில் இணையத்தில் படித்து எழுதினேன். பெட்டிச் செய்தியில் தவறு இல்லை. இன்றும் வரிக்கு வரி சரி.

தவறு முக்கியச் செய்தியில். ‘சர்டிபிகேட்’ என்ற சொல்லின் முதல் எழுத்தில், கீழே உள்ள சாய்சதுரத்தில், ஒரு சிறு வெட்டு இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கணினி எழுத்துருவிலும் அதே இடத்தில் அதே வெட்டு. அந்த எழுத்துரு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஆகவே 1984 என்று தேதியிட்ட சான்றிதழ் பிற்காலத்தில் செய்தது. இதுதான் என் வாதம்.

நிபுணர் எழுதியிருப்பது: வெட்டு பழைய ஈய எழுத்திலேயே உண்டு. கணினி எழுத்துருவைச் செய்தவர் பழைய மாதிரிப் புத்தகத்திலிருந்து அப்படியே படமெடுத்து, வெட்டையும் சேர்த்து எடுத்திருக்கிறார். பேரனின் முகஜாடை இருக்கிறது என்று தாத்தாவைப் போலி என்று சொல்லியிருக்கிறேன்.

பொறுப்பாசிரியர் ஆவுடையப்பனிடம் அறிக்கையைக் காட்டினேன். என்னைவிடப் பதினேழு வயது இளையவர். அமைதியாகப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் நாலு வரி வருத்தம் போட்டுவிடலாம் என்றார். நிபுணர் அறிக்கையை ஒட்டி எழுதினால் போதும், வேறு விவரம் வேண்டாம் என்றார்.

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு சான்றிதழ் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதன் தலைப்பும் இதே எழுத்து.

ஜூன் 7, வெள்ளி

சமாதானபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பொன்சிங்கின் கடைக்குப் போனேன். அந்த எழுத்துருவைத் திரையில் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். உண்மையில் போனது, இந்தத் தவற்றை யாரும் செய்திருப்பார்கள் என்று யாராவது சொல்லக் கேட்க.

பொன்சிங் கணினியில் ஓல்டு இங்கிலீஷ் வகையில் பதினாறு எழுத்துருக்களைக் காட்டினார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சித்தப்பா மவன், பெரியப்பா மவந்தான் அண்ணாச்சி. பழைய ஈய எழுத்த பாத்து எடுத்தது. ஒருத்தன் மூக்கு ஒருத்தனுக்கு இருக்கத்தான் செய்யும்.”

இந்த எழுத்தை இன்னும் யார் விரும்பிக் கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். மேலே ‘வெட்டிங் இன்விடேஷன்’ என்று இந்த எழுத்தில் போட்டால் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் திருப்தி என்றார். கீழே நேரமும் சர்ச் பெயரும் சாதா எழுத்தில்தான். “ஜனம் வழி தெரிஞ்சு வந்து சேரணும்லா.”

என் பெயரைக் கோமதிநாயகம் என்று ஆங்கிலத்தில் எல்லாமே பெரிய எழுத்தாக அடித்துக் காட்டினார். என்னாலேயே படிக்க முடியவில்லை. “இது படிக்கிற எழுத்து இல்ல. பாத்த உடனே நம்புற எழுத்து,” என்றார்.

ஒரு நகலை மட்டும் பார்த்து எந்த எழுத்து என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். ஜெராக்ஸில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்றார். ஈய எழுத்து தாளை அமுக்கும். பின்பக்கம் விரலில் தட்டுப்படும்.

நான் அந்தச் சான்றிதழைத் தடவிப் பார்த்ததில்லை. எனக்குத் தபாலில் பெயரில்லாமல் வந்தது நகல்.

ஜூன் 9, ஞாயிறு

மனைவி பிரம்மநாயகி ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டச் சொன்னாள். நாலு கிலோ. வெட்டினேன்.

பிறகு அலமாரியிலிருந்து 2018 குறிப்பேடுகளை எடுத்தேன். நான் எல்லாக் குறிப்பேட்டையும் வைத்திருக்கிறவன். அலுவலகத்தில் அதற்காகவே கேலி செய்வார்கள். ஆகஸ்ட் 8, புதன், மாலை 4.15. சென்னையில் வடிவமைப்பாளராக இருக்கும் நண்பர் சுதர்சனத்தோடு பேசியது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: ‘அந்த எழுத்துரு மாதிரியேதான் இருக்கு. ஆனா ஒரிஜினல பாக்காம சொல்லக் கூடாது.’

செய்தியில் வந்தது: ‘இது அந்தக் கணினி எழுத்துருவைப் போலவே இருப்பதாக எழுத்துக்கலை வல்லுநர் ஒருவர் தெரிவித்தார்.’

முதல் வாக்கியம் இருக்கிறது. இரண்டாவது இல்லை. இடப் பற்றாக்குறையா என்று பக்கத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பெட்டிச் செய்திக்கு இருபத்தைந்து வரி இடம் இருந்திருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

சுதர்சனத்தைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது, செய்தி வந்த அன்றைக்கே உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், நீங்கள் பதில் போடவில்லை என்றார். குரலில் கோபம் இல்லை. மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

நகலை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ‘சர்டிபிகேட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஐ எழுத்து இரண்டு முறை வருகிறது. முதல் ஐயின் தலைப்புள்ளியில் ஒரு முனை உடைந்திருக்கிறது. இரண்டாவது முழுசாக இருக்கிறது. கணினி அப்படிச் செய்யாது. அதற்கு ஒரு ஐதான் தெரியும், அதையே எத்தனை முறையும் போடும். இரண்டு ஐயும் வேறு வேறாக இருந்தால் அவை இரண்டு ஈயத் துண்டுகள். இதற்கு நிபுணர் வேண்டாம், ஒரிஜினல்கூட வேண்டாம். இந்த நகல் என் மேஜையில் ஒன்பது நாள் இருந்தது.

சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். 2018ஆம் வருடத்தின் சிறந்த புலனாய்வுச் செய்திக்காகக் கொடுத்தது. எந்தச் செய்தி என்று எழுத வேண்டியதில்லை.

ஜூன் 12, புதன்

சுகிர்தா அலுவலகத்துக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வேகமாகப் பேசுகிறார், நான் குறிப்பெடுக்கச் சிரமப்பட்டேன்.

மருத்துவமனை புதிய மனு கொடுத்திருக்கிறது. சான்றிதழ் உண்மையானது என்ற அறிக்கையை அவர்கள் மறுக்கவில்லை. வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நேர்மையாக இருந்திருந்தால் அன்றே சான்றிதழைக் காட்டியிருப்பார். பத்திரிகை கேட்டபோதுகூடக் காட்டாமல் ஒளிந்தார். அதனால்தான் நம்பிக்கை இழந்து நீக்கினோம் என்கிறார்கள். அதற்கு ஆதாரமாக என் செய்தியின் கடைசி வரியை இணைத்திருக்கிறார்கள்: ‘இதுபற்றித் தங்கபுஷ்பத்திடம் விளக்கம் கேட்கப் பலமுறை முயன்றும் அவர் பதிலளிக்க முன்வரவில்லை.’

தங்கபுஷ்பத்துக்கு இப்போது அறுபத்தொன்று. வேலை திரும்பக் கிடைக்காது, கேட்கவும் இல்லை. நீக்கல் உத்தரவில் ‘போலி’, ‘மோசடி’ என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்பது. தெருவில் பிரசவம் பார்த்த வீடுகளிலேயே அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று சுகிர்தா சொன்னார். இந்த ஒரு வரி நின்றால் உத்தரவும் நிற்கும் என்றார்.

பிறகு கேட்டார், “நீங்க அவங்களுக்கு எத்தனை தடவை போன் பண்ணீங்க சார்?”

“ரெண்டு தடவை,” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

ஜூன் 13, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. உள்ளே கம்பிச் சுருள் கருகியிருந்ததாம்.

ஜூன் 15, சனி

நேற்று எழுதவில்லை. இன்று எழுதியாக வேண்டும்.

என் தொழில் பழக்கம் ஒன்று உண்டு. யார்மேல் குற்றச்சாட்டு இருக்கிறதோ அவர் பதில் சொல்லவில்லை என்ற வரியை முதலிலேயே அடித்துக் கடைசியில் போட்டு வைத்துவிடுவேன். பிறகு தொடர்புகொள்வேன். பதில் வந்தால் வரியை எடுத்துவிட்டுப் பதிலைப் போடுவேன். முப்பத்தாறு வருடம் இப்படித்தான். புதிதாக வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நேரம் மிச்சமாகும்.

அந்த வரியை ஆகஸ்ட் 8 அன்று அடித்தேன். 9ஆம் தேதி மருத்துவமனை அலுவலகத்துக்குப் பேசினேன், அங்கிருந்துதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தங்கபுஷ்பத்துக்குப் பேசவில்லை. சுகிர்தாவிடம் இரண்டு தடவை என்று சொன்னது பொய். ஒரு தடவைகூட இல்லை. என்னிடம் அவருடைய எண்ணே இல்லை.

இன்று காலை கிடங்கில் 2018ஆம் வருட வருகைப் பதிவேட்டைத் தேடினேன். கரையான் அரிக்கவில்லை, அரித்திருக்கும் என்று நினைத்தேன். எதிர்பார்த்தேன் என்று எழுதுவதே சரி. ஆகஸ்ட் 10, வெள்ளி. வரிசை எண் 14. பெயர்: தங்கபுஷ்பம். பார்க்க வேண்டியவர்: கோமதிநாயகம் சார். காரணம்: சர்டிபிகேட் ஒரிஜினல் காட்ட. உள்ளே: 3.10. வெளியே: 5.25.

வாசலில் அன்றும் இன்றும் காவலுக்கு இருப்பவர் முப்பிடாதி. அவரிடம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “நர்ஸ் அம்மாவா? மடியில பிளாஸ்டிக் கவர வச்சிக்கிட்டு அசையாம இருந்தாவளே. ஒங்களுக்கு ரெண்டு தடவ இன்டர்காம் அடிச்சேன் சார். மீட்டிங்குன்னு சொல்லச் சொன்னிய.”

ஆக, இரண்டு தடவை போன் வந்தது உண்மை. வந்தது எனக்கு.

அன்று மீட்டிங் இல்லை. நாலரை மணிக்கு டீ குடிக்க இறங்கும்போது வரவேற்பறையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தலையையும் தோளையும் பார்த்தேன், முகத்தை அல்ல. மேலே திரும்பி வந்தேன். பிறகு பேப்பர் உருளைகள் இறக்கும் பின்வாசல் வழியாகப் போனேன். ‘நேரில் சந்தித்துப் பேசியதில்லை’ என்று 3ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்திலும் தவறு இல்லை.

ஏன் திரும்பினேன் என்று இங்கே எழுத நினைத்தேன். வேலை இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

பிரம்மநாயகியிடம் சொன்னேன். முழுவதையும். அவள் ஊறுகாய் ஜாடியைத் துணி கட்டி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“ஊர் பூரா தேடித் தேடிப் போயி கேள்வி கேக்கிய. வாசல்ல வந்து ஒக்காந்தவகிட்ட கேக்க ஒண்ணும் இல்லாமப் போச்சா?”

“விருது வாங்கின அன்னைக்கி எனக்குப் பட்டு எடுத்துக் குடுத்தியள, அதுவும் இதுக்குத்தானா?” என்று மட்டும் பிறகு கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஆவுடையப்பன் அறைக்குப் பதிவேட்டோடு போனேன். வாக்குமூலத்தில் எதை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

அவர் கெட்டவர் அல்ல. அவருடைய வாதம் இது: எழுத்தை அடையாளம் கண்டதில் தவறு என்றால் அது நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை. நிபுணர்களே தடுமாறும் விஷயம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வந்தவரைப் பார்க்காமல் ‘முன்வரவில்லை’ என்று எழுதியது வேறு. அதை ஒப்புக்கொண்டால் முப்பத்தாறு வருடச் செய்திகளையும் சந்தேகிப்பார்கள், பத்திரிகையையும் இழுப்பார்கள் என்றார்.

“அண்ணாச்சி, எழுத்து தப்புன்னு சொல்லுங்க, போதும். மாடிப்படி எல்லாம் எதுக்கு? அந்தம்மாவுக்கே தெரியாத விஷயம்.”

அது எனக்கும் தோன்றியிருந்தது. எழுத்தைப் பற்றிய தவறு ஒரு கௌரவமான தவறு. அதைப் பற்றி நான் பத்து வரி அழகாக எழுதுவேன். சாய்சதுரம், வெட்டு, பழைய மாதிரிப் புத்தகம் எல்லாவற்றையும் போட்டு. இந்த நாட்குறிப்பிலும் அதைத்தான் முதலில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். பதிவேட்டை ஆவுடையப்பன் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஜூன் 20, வியாழன்

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட சுகிர்தாவின் அலுவலகத்துக்குப் போனேன். ஐந்து பத்தி. ஐந்தாவது பத்தி: ‘எழுத்து வடிவத்தை ஒப்பிட்டதில் எனக்கு நேர்ந்த தவறே செய்திக்குக் காரணம்.’ பதிவேட்டைப் பற்றி ஒன்றுமில்லை. சுகிர்தாவிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தொலைபேசிக் கணக்கை மட்டும் திருத்திச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று நினைத்துப் போனேன்.

தங்கபுஷ்பம் அங்கே இருந்தார். அவர் வருவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சேலை. முகத்தை முதல் முறையாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. வணக்கம் சொன்னேன். அவர் பதிலுக்கு வணக்கம் சொல்லவில்லை. உட்காருங்க சார் என்றார்.

நீதிமன்றத்திலிருந்து சான்றிதழைத் திருப்பி வாங்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

“தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். பின்பக்கத்தில் அந்தச் சொல் தலைகீழாக, இடவலம் மாறிப் புடைத்திருந்தது. ஒவ்வொரு கோடும் விரலில் பட்டது. ஒடிகிற இடங்கள்கூடப் பட்டன. ஒரு நொடி போதுமாக இருந்தது. எழுத்தைப் பற்றி அவர் ஒன்றுமே பேசவில்லை. பள்ளியில் பதினோரு பேர், எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னார்.

பிறகு, சுகிர்தா தட்டச்சுக்காரரிடம் பேச எழுந்து போனபோது, தாழ்ந்த குரலில் சொன்னார். சொன்னபடியே எழுதுகிறேன்.

“அன்னைக்கி நான் கீழ ஒக்காந்திருந்தேன். மாடிப்படி திருப்பத்துல ஒரு செருப்பு வந்து நின்னுச்சு. பிரவுன் கலரு. கொஞ்ச நேரம் நின்னுச்சு. பொறவு திரும்பி மேல ஏறிச்சு. நீங்கதான்னு அப்ப தெரியாது. படி ஏறி இங்கன உள்ள வந்தியள, அந்த நட பாத்ததும் தெரிஞ்சுது.”

கவிழ்ந்திருந்த சான்றிதழை நிமிர்த்தி அவர் பக்கம் நகர்த்தினேன்.

“முப்பத்தி நாலு வருசம் லேபர் வார்டுல நின்னவ சார். வாசல்ல வந்து நின்னவங்கள நான் ஒருத்தரையும் காக்கப் போட்டது கிடையாது. அதான் கேக்கேன். எறங்கி வந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? அடிச்சிருப்பனா?”

வெளியே தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. “எங்கிட்ட சொல்லி என்ன, அவுகட்ட சொல்லுங்க,” என்று கோர்ட் இருக்கும் திசையில் கையைக் காட்டினார்.

சுகிர்தா திரும்பி வந்ததும் ஐந்தாம் பத்தியைக் கோடு போட்டு அடித்துவிடச் சொன்னேன். ஆறாவது ஒன்று சேர்க்க வேண்டும் என்றேன். நானே சொல்லச் சொல்ல எழுதினார்கள். வருகைப் பதிவேட்டின் வரிசை எண், நேரம், இன்டர்காம் இரண்டு முறை, மாடிப்படி, பின்வாசல். விளக்கம் கேட்க நான் ஒருமுறையும் முயலவில்லை. அவர் தானாக வந்தார், ஒரிஜினலோடு வந்தார், இரண்டே கால் மணி நேரம் இருந்தார். படத்தை இணைத்தோம். சுகிர்தா என்னை நிமிர்ந்து பார்க்காமலே எல்லாவற்றையும் எழுதி முடித்தார். பன்னிரண்டாம் தேதி எழுதிக்கொண்ட குறிப்பை எடுத்து ‘ரெண்டு தடவை’ என்பதன் மேல் கோடு போட்டார்.

ஜூன் 22, சனி

ஆவுடையப்பனிடம் வாக்குமூலத்தின் நகலைக் கொடுத்தேன். ஆறாம் பத்தி வரை படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். “நான் சொன்னத நீங்க கேக்கலையே அண்ணாச்சி,” என்றார். என்னிடம் செய்திகள் கேட்க வேண்டாம் என்று செய்திப் பிரிவில் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இன்று யாரும் கேட்கவில்லை. மாலை நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 24, திங்கள்

வழக்கு 11.50க்கு அழைக்கப்பட்டது. வாக்குமூலம் பதிவாயிற்று. மருத்துவமனையின் வழக்கறிஞர் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சுகிர்தா என்னைத் தயார் செய்தார். அவர்கள் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள் என்றார். அவர் வந்தது தெரிந்தும் ஏன் இறங்கிப் போகவில்லை? வேலை இருந்தது என்று சொன்னால், அப்படியானால் சந்தேகம் வந்து தவிர்த்தீர்கள், அவர்மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்று அவர்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். மறதி என்று சொன்னால் பதிவேடே பொய் என்பார்கள். “உண்மையான காரணம் என்னவோ அத ஒரே வாக்கியத்துல சொல்லுங்க சார். ஒங்களுக்கு அது வராதா என்ன.”

தங்கபுஷ்பம் கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வாக்கியத்தை எழுத உட்கார்ந்தேன். ஐந்து முறை எழுதி அடித்தேன். ஆறாவது இது: இறங்கிப் போனால் அவர் ஒரிஜினலைக் காட்டுவார், காட்டினால் ஞாயிற்றுக்கிழமை செய்தி இருக்காது என்று எனக்குத் தெரியும்.

‘தோன்றியது’ என்று முதலில் எழுதி, ‘தெரியும்’ என்று மாற்றினேன்.

நிலுவையில் இருப்பவை: திருத்தச் செய்தி ஜூன் 30, ஞாயிறு வரும் என்று ஆவுடையப்பன் சொல்லியிருக்கிறார், பக்கமும் வரிகளும் முடிவாகவில்லை, ‘முன்வரவில்லை’ என்ற வரியைத் திரும்பப் பெறுவார்களா என்பதற்குப் பதில் இல்லை. வருகைப் பதிவேட்டின் ஒரிஜினலைத் தாக்கல் செய்யக் கேட்டுப் பத்திரிகைக்கு நீதிமன்ற நோட்டீஸ் இந்த வாரம் வர வேண்டும். நீக்கல் உத்தரவின் மீதான முடிவு என் சாட்சியத்துக்குப் பிறகே. என் குறுக்கு விசாரணை ஜூலை 8, திங்கள், காலை 10.30. அந்த வாக்கியத்தை இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று தங்கபுஷ்பம் முன்வரிசையில் இருப்பார் என்று சுகிர்தா சொன்னார்.